நங்கூரமும் நிறையும்: சிறு பாய்ப்படகின் பிடிமானம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

கடல் வரலாறு எழுதியோர் பெரும்பாலும் கப்பலின் பாயையும் பீரங்கியையும் நோக்கினரேயன்றி, அதன் முகப்பில் தொங்கிய இரும்பினைப் பெரிதும் பொருட்படுத்தினாரல்லர். ஓடுதற்குரிய கருவிகளுக்குக் கிடைத்த கவனம் நிற்றற்குரிய கருவிக்குக் கிடைக்கவில்லை. ஆயின், இருவர் மட்டுமே செலுத்தும் பாய்ப்படகொன்று இரவில் ஒரு குடாவினுள் ஒதுங்கி நிற்க, காற்றுக் கரையை நோக்கித் திரும்பிவிடுமாயின், அவ்விருவரின் உயிரும் மண்ணுட் புதைந்த அவ்விரும்பிலேயே தங்கியுள்ளது. அது எத்தகையதாதல் வேண்டும் என்பது படகோட்டியின் வினா மட்டுமன்று. தொழினுட்ப அறிவு எவருடைய தேவையின் பொருட்டு வளர்ந்தது என்னும் வினாவும் அதனுள் அடங்கியுள்ளது. பிரித்தானிய அனுபவத்தை மையமாகக் கொண்டு அதனை இங்கு நோக்குவாம்.

நங்கூரம் என நாம் வழங்கும் சொல் பாரசீக மொழியின் 'லங்கர்' என்பதன் வழி வந்தது. துளையிட்ட கல்லாகத் தொடங்கிய இக்கருவி, பின்னர் மரக்கைகள் பெற்று, இறுதியில் முற்றாக இரும்பாயிற்று. நீண்ட தண்டு, அதன் அடியில் இரு கைகள், மேலே அக்கைகளுக்குக் குறுக்காக ஒரு தடி என்னும் வடிவம் 19ஆம் நூற்றாண்டுவரை அடிப்படையில் மாறவில்லை. அதன் குறைபாடு வெளிப்படையானது. ஒரு கையே மண்ணைக் கவ்வும். மற்றது கடலடியில் வெறிதே நிமிர்ந்து நிற்கும். நீரோட்டம் திரும்புங்கால் சங்கிலி அதனைச் சுற்றிக்கொண்டு நங்கூரத்தையே பெயர்த்துவிடும். பேரரசின் கடற்படை இதற்குக் கண்ட பரிகாரம் நிறையைக் கூட்டுதலே. நெல்சனின் 'விக்ரறி' கப்பலின் பெரிய நங்கூரம் 4 தொன்னிற்கு மேற்பட்டது. அதனைத் தூக்க நூற்றுக்கு மேற்பட்ட மாலுமிகள் சுழல்தூணைத் தள்ளினர். ஆட்பலம் மலிந்த இடத்தில் வடிவத்தைப் பற்றிச் சிந்திக்க எவருக்கும் அவசரமிருக்கவில்லை.

1808ஆம் ஆண்டளவில் கடற்படை அதிகாரி சாமுவேல் பிறவுண் இரும்புச் சங்கிலியைப் பரிசோதித்தமையும், பாறையில் உராய்ந்து அறுந்த சணற்கயிறு படிப்படியாக வழக்கொழிந்தமையும், 1852இல் கடற்படை நிருவாகம் பலவகை நங்கூரங்களை ஒப்பிட்டபோது றொட்மனின் நங்கூரம் முதலிடம் பெற்றமையும் இவ்வரலாற்றின் அறியப்பட்ட கட்டங்கள். அவை யாவும் பெருங்கப்பலின் பொருட்டு நிகழ்ந்தவை.

நங்கூர வரலாறுகள் பொதுவாகக் கடந்து செல்லும் விடயமொன்றில் இங்குச் சற்றுத் தரித்தல் வேண்டும். இவ்விரும்பினை அடித்தோர் யாவர்? இங்கிலாந்தின் மத்தியில், கடலினின்றும் வெகு தொலைவில், 'கறுப்பு நாடு' எனப் பெயர்பெற்ற நிலக்கரிப் பிரதேசமே நங்கூரத்திற்கும் சங்கிலிக்கும் உலைக்களமாயிருந்தது. 1911இல் 'ரைற்றானிக்' கப்பலுக்கான ஏறத்தாழ 16 தொன் நங்கூரம் அங்குள்ள நெதற்றனில் உருவாகி, 20 குதிரைகளால் இழுத்துச் செல்லப்பட்டது. அதன் நிழற்படம் பல நூல்களில் உண்டு. அதற்கு முந்திய ஆண்டில், அயலூரான கிறாட்லி ஹீத்தில் நிகழ்ந்தது அத்துணைப் பிரசித்தம் பெறவில்லை. பெருஞ்சங்கிலியை ஆடவர் தொழிற்சாலையில் அடிக்க, இலேசான சங்கிலியைப் பெண்கள் தம் வீட்டுப் பின்புறத்துச் சிற்றுலைகளில், பிள்ளைகளை அருகிருத்தி, கைச்சம்மட்டியால் அடித்தனர். 1909ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அவர்களுக்கு மணிக்கு இரண்டரைப் பென்ஸ் என ஆகக்குறைந்த கூலி விதிக்கப்பட்டது. அது முன்னைய கூலியின் ஏறத்தாழ இரு மடங்கு. முதலாளிமார் அதனைப் பின்போட, வாசிக்கத் தெரியாத பெண்கள் பலரிடம் ஒப்பந்தத் தாள்களில் அடையாளம் பெற்றனர். மேரி மக்காதரின் தலைமையில் ஏறத்தாழ 800 பெண்கள் பத்து வாரம் உலையை அணையவிட்டு, 1910 ஒக்தோபரில் வென்றனர். நங்கூரத்தின் வலிமை சங்கிலியின் மிக நலிந்த கண்ணியைப் பொறுத்தது எனப் படகோட்டிக்குக் கற்பிக்கும் நூல்கள், அக்கண்ணியை அடித்தவளின் கூலியைப் பற்றிப் பேசுவதில்லை.

சிறு படகின் தேவை விஞ்ஞானத்தின் பார்வைக்கு வந்தது 1930களிலேயாகும். கேம்பிறிட்ஜ் பௌதிகவியலாளர் ஜி. ஐ. ரெய்லர், பாய்மொழியியக்கவியலில் மேதையெனக் கொள்ளப்பட்டவர். 1927இல் தம் மனைவியுடன் 'புறொலிக்' என்னும் படகில் நோர்வேயின் லொபோட்டன் தீவுகள்வரை சென்று மீண்டவர். பாரமான நங்கூரத்தைத் தம் கைகளாலேயே இழுத்தவராதலின், நிறையின் தொல்லையை உடலால் அறிந்தவர். எதிரே நிமிர்ந்து நிற்கும் வீண்கை அற்றதாய், மண்ணுள் முழுதும் புதையக்கூடியதாய், ஏர்க்கொழுவையொத்த நங்கூரமொன்றை 1933இல் அவர் ஆக்கினார். 'சி.கியூ.ஆர்.' என்னும் அதன் பெயர், உரத்து வாசிப்பின், 'உறுதியானது' எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லாய் ஒலிக்கும். அதே நிறையுள்ள பழைய நங்கூரத்திலும் பன்மடங்கு அது பற்றிநின்றது. ஓய்வும் சொந்தப் படகும் உள்ள வர்க்கத்தவருக்கே இத்தகைய ஆராய்ச்சி கைகூடியது என்பதையும் மறத்தலாகாது.

பின்னர் யுத்தம் இவ்வறிவைத் தனதாக்கிற்று. ரெய்லரின் நங்கூரமும் யுத்தத்திற் பயன்பட்டது. அமெரிக்கர் டான்போத்தின் தட்டையான இரு தகடுகளையுடைய நங்கூரம், கரையேறிய படைப்படகுகள் தம்மைப் பின்னிழுத்துக்கொள்ள உதவிற்று. 1970களில் வந்த புறூஸ் நங்கூரத்திற்கு வடகடல் எண்ணெய் மேடைகள் காரணமாயின. இம்மூன்றுமே சிறுபடகுச் சந்தையை நெடுங்காலம் ஆண்டன.

இவற்றுட் கொழுவடிவத்தில் ஒரு முரண்பாடு இருந்தது. கொழு என்பது மண்ணை இருமருங்கும் ஒதுக்கிக்கொண்டு முன்செல்வதற்கென ஆயது. நங்கூரமோ முன்செல்லாது நிற்றல் வேண்டும். நம் கமக்காரர் ஒருவரைக் கேட்டிருப்பின், கலப்பையை விடுத்து மண்வெட்டியைக் காட்டியிருப்பார். அம்மண்வெட்டித் தத்துவமே, அதாவது உட்குழிந்த தகட்டால் மண்ணை அள்ளி நிற்றலே, 1990களில் பிரெஞ்சுக்காரர் அலன் புவாறோவின் 'ஸ்பேட்' நங்கூரத்தில் வெளிப்பட்டது. கவிழ்ந்து வீழ்ந்தாலும் நங்கூரத்தைப் புரட்டி நிமிர்த்தும் வளையம், அதற்கு முன்னரே ஜேர்மனியில் 'பூகெல்' நங்கூரத்தில் வந்திருந்தது. நியூசிலாந்தின் பீற்றர் சிமித், 2004இல் வெளிவந்த 'றொக்னா'வில் இவ்விரண்டையும் இணைத்தார். ரெய்லரின் கருவி பயனற்றதாயிற்று என்பதன்று. அதனை நம்பி உலகைச் சுற்றிய படகுகள் எண்ணில. எனினும் மணலிலும் சேற்றிலும் விரைவாகப் பதியும் ஆற்றலிற் புதியவை அதனை விஞ்சுகின்றன என்பதே எமது துணிபு.

தெரிவு என்னும் வினாவிற்கு வருவோம். 10 மீற்றர் நீளப் படகுக்கு ஏறத்தாழ 15 கிலோகிராம் நிறையுள்ள உட்குழிந்த வகையே முதல் நங்கூரமாகத் தக்கது. டான்போத் மணலிற் சிறந்தது, எடையிற் குறைந்தது. ஆயின் இழுப்பின் திசை மாறிப் பெயர்ந்தால், தகடுகளிடையே ஒரு சிறுகல் சிக்கினும் மீளப் பதியாது. எனவே அது துணை நங்கூரமாதற்கே உரியது. விடவேண்டிய சங்கிலியின் நீளம், நீரின் ஆழத்தோடு படகு முகப்பின் உயரத்தையும் கூட்டி, அதன் ஐந்து மடங்கு. கயிறாயின் ஏழு மடங்கு.

நிறை பற்றிய பழைய மயக்கம் இப்பொழுது சங்கிலியிற் குடிபுகுந்துள்ளது. 8 மில்லிமீற்றர் தடிப்புள்ள சங்கிலி 50 மீற்றருக்கு 70 கிலோகிராமிற்கு மேற்படும். கடுங்காற்றில் அச்சங்கிலி நாண்போல் விறைத்துவிட, அதன் பாரத்தாற் பெறும் நன்மை பெரிதும் அற்றுப்போகிறது. முகப்பிற் சுமந்த அப்பாரம் படகை அலையில் அமிழ்த்துவதே மிச்சம். அந்நிறையின் ஒரு பகுதியை நங்கூரத்திற்கு மாற்றுதல் நன்று. அன்றியும், எந்நங்கூரமாயினும் இருவரில் வலிமை குறைந்தவர் தனித்து இழுத்தேற்றக் கூடியதாதல் வேண்டும். இதனை விலைப்பட்டியல்கள் அரிதாகவே கேட்கின்றன.

பாறையும் கடற்பாசியும் செறிந்த இடங்களிற் புதியவையும் தடுமாறுவதுண்டு. அத்தகைய கரைகளுக்குச் செல்வோர் சிலர், கடற்படையின் அதே பழைய இருகை நங்கூரத்தைக் குறுக்குத்தடி மடிக்கப்பட்ட நிலையில் இன்றும் படகின் அடித்தளத்தில் வைத்திருக்கின்றனர். அதற்கு வழங்கும் பெயர் 'மீனவர் நங்கூரம்'.