உணர்விழந்த கையும் மூளையும்



பக்கவாதத்தால் கை விழுந்துவிட்டால் அது எல்லார் கண்ணுக்கும் தெரிகிறது. அந்தக் கைக்குச் சூடு தெரியாமற்போனது மட்டும் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. "கைதான் அசைகிறதே!" என்று இருந்துவிடுகிறோம். கொதிக்கும் கோப்பிக் குவளையைப் பிடித்து, கொப்புளம் கண்ட பிறகே விழிக்கிறோம். இந்த உணர்வு மாற்றத்தை மருத்துவ உலகம் அறிந்துகொண்ட வரலாற்றை இன்று பார்ப்போம்.

பண்டைய கிரேக்கர் இந்நோயைத் திடீரென விழும் அடி என்று பொருள்படும் பெயரால் அழைத்தனர். சுவிட்சர்லாந்து மருத்துவர் யோகான் வெப்பர், இதனால் இறந்தவர்களின் மூளையில் இரத்தம் கசிந்திருப்பதைக் கண்டு 1658-ல் நூலாக வெளியிட்டார்.

1895-ல் ஜெர்மானிய மருத்துவர் அடால்ஃப் வாலன்பெர்க், 38 வயது நோயாளி ஒருவரைப் பற்றி எழுதினார். அவருக்கு முகத்தில் இடப்பக்கம் உணர்ச்சி குன்றியிருந்தது. உடம்பிலோ வலப்பக்கம் வலியும் சூடும் தெரியவில்லை. மூளைத்தண்டில் எந்த இரத்தக்குழாய் அடைபட்டது என்பதை வாலன்பெர்க் கணித்தார். நோயாளி இறந்தபின் மூளையைச் சோதித்து, பழுது தாம் கணித்த பகுதியிலேயே இருந்ததை 1901-ல் அறிவித்தார்.

1906-ல் பிரான்சு நாட்டின் டெஜெரினும் ரூசியும் இதற்கு நேர்மாறான துன்பத்தை விளக்கினர். மூளையின் நடுவிலுள்ள தலாமஸ் என்ற பகுதி பழுதானால், சிலருக்குப் போர்வை பட்டாலே நெருப்புப் பட்டதுபோல் எரியும். ஆகவே, "சும்மா தொட்டதற்கா இந்தக் கூச்சல்?" என்று நோயாளியைக் கடிந்துகொள்வது நியாயமல்ல. அது பாசாங்கன்று, மருத்துவரிடம் சொல்ல வேண்டிய வலி. அதற்கு மருந்துகள் உண்டு.

இழந்தது திரும்புமா? 1959-ல் நியூயார்க்கில் பெட்ரோ பாக்-இ-ரீட்டா என்ற ஆசிரியரைப் பக்கவாதம் தாக்கியது. அவருடைய மகன் அவரைக் குழந்தைபோல் தவழ வைத்தார். நலிந்த கையால் பானை தேய்க்க வைத்தார். அவர் மீண்டும் பாடம் நடத்தப் போனார். 1965-ல் அவர் இறந்தபின் சோதித்தபோது, மூளையின் பெரும்பழுது ஆறாமல் அப்படியே இருந்தது. பழுதுபடாத பகுதிகள் அதன் வேலையை ஏற்றிருந்தன! எல்லாருக்கும் இந்த அளவு குணம் கிடைக்காது. ஆயினும் பயிற்சி வீணாவதில்லை.

நம் வீட்டிலும் செய்யலாம். குளிக்கும் நீரின் சூட்டை நல்ல கையால் பார்க்கச் சொல்வோம். உணர்வற்ற கால்களில் புண் இருக்கிறதா என்று நாள்தோறும் பார்ப்போம். கண்ணை மூடச் சொல்லி, பஞ்சு, அரிசி, தேங்காய் நார் இவற்றைத் தடவி அடையாளம் காணப் பழக்குவோம். கை உணர மறந்ததை மூளைக்கு மீண்டும் கற்பிக்கும் பள்ளிக்கூடமாக நம் வீடு இருக்கட்டும்.