தாத்தா வேட்டியும் என் லென்ஸும்

ஒரகடத்துல ஷிஃப்ட் முடிஞ்சு பஸ் ஏறினதும் சட்டை நுனியால கண்ணாடியைத் துடைப்பேன், தாத்தா வேட்டியால துடைச்ச மாதிரியே. ஆறு மாசத்துல லென்ஸ் முழுக்கக் கீறல். ராத்திரி ஹெட்லைட் எல்லாம் சிதறித் தெரிஞ்சுது.

தாத்தாவோடது நிஜக் கண்ணாடி. என்னோடது பிளாஸ்டிக். அந்த மாற்றம் போரில் தொடங்கியது. 1940-ல் அமெரிக்காவில் உருவான சி.ஆர்-39 பிளாஸ்டிக், முதலில் பி-17 குண்டுவீச்சு விமானங்களின் எரிபொருள் தொட்டிகளுக்குப் பயன்பட்டது. 1947-ல் கலிபோர்னியாவின் ஆர்மோர்லைட் நிறுவனம் அதில் லென்ஸ் செய்தது. எடை பாதி, சுலபத்துல உடையாது. ஆனா சீக்கிரம் கீறல் விழும்.

ஸ்ரீபெரும்புதூரில் 2000 முதல் செயின்ட் கோபைன் ஆலையில் மணலை உருக்கிக் கண்ணாடி செய்றாங்க. ரோட்டுத் தூசியிலும் மணல்தான் இருக்கு. காய்ஞ்ச துணியோட சேர்ந்தா அதுவே உப்புத்தாள்!

அதனால முதல்ல தண்ணி, ஒரு சொட்டு பாத்திரம் கழுவுற லிக்விட், கடைசியிலதான் மைக்ரோஃபைபர் துணி.