செல்போர்ன் தோட்டத்து ஆமை

இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் பகுதியிலுள்ள செல்போர்ன் என்னும் சிற்றூரில் பாதிரியாராக இருந்து, பிராணிகளின் அன்றாட சரிதையையெல்லாம் சிரத்தையுடன் குறித்து, 1789-இல் நூலாக வெளியிட்ட கில்பர்ட் வைட், தம் அத்தை ரிங்மர் என்னும் ஊரில் நெடுங்காலம் வளர்த்த திமொத்தி என்னும் நில ஆமையை, அவ்வம்மையார் காலமான 1780-இல், எண்பது மைல் தூரம் வண்டியிலேற்றித் தம் தோட்டத்துக்குக் கொணர்ந்தார்.

அதன் ஆகாரத்தைப் பற்றி அவர் எழுதியவை இன்றும் வியப்புக்குரியன. லெட்யூஸ், டாண்டிலயன் முதலிய பால் வடியும் செடிகளே அதற்கு மிகப் பிரியமானவை என்றும், குளிர்கால நித்திரையிலிருந்து எழுந்ததும் சொற்பமாகவும், கோடையின் உச்சத்தில் பேராவலோடும் புசித்து, இலையுதிர் காலத்தின் கடைசி வாரங்களில் ஏறக்குறைய உண்ணாமலே மீண்டும் மண்ணுக்குள் புதையும் என்றும் அவர் கண்டறிந்தார். தோட்டக்காரன் களையென்று பிடுங்கி எறியும் பூண்டுகளில் நாரும் சுண்ணாம்புச் சத்தும் நிறைந்திருப்பதையும், அவை குறைந்தால் ஓடு வலுவிழப்பதையும் பிற்கால மிருக வைத்தியர்கள் நிரூபித்தனர். அவ்வறிவு கிட்டுமுன்பே அந்தப் பிராணியின் விருப்பத்தையே வழிகாட்டியாகக் கொண்ட வைட்டின் பொறுமையை நான் மிக உயர்வாக மதிக்கிறேன்.

இருபதாம் நூற்றாண்டில், மத்தியதரைக் கடற்கரையின் வறண்ட குன்றுகளில் பிடிக்கப்பட்ட திமொத்தியின் இனத்து ஆமைகள் பெருந்திரளாக இங்கிலாந்துக்கு வந்திறங்கி, ரொட்டியும் பாலும் பழமுமாகிய, தம் குடலுக்கு ஒவ்வாத உணவிலும் ஈரக்குளிரிலும் நலிந்து மாண்டன. 1984-இல்தான் ஐரோப்பியச் சமூகம் அவற்றின் வாணிப இறக்குமதியைத் தடைசெய்தது.