முன்சில்லும் பின்சில்லும்

வண்டிச் சில்லின் அகலம் எவ்வளவு இருத்தல் வேண்டும் என்பது தச்சனும் கொல்லனும் தீர்த்துக்கொள்ள வேண்டிய காரியம் என்றே பலர் கருதுவர். வரலாறு அவ்வாறு கூறவில்லை. ஒடுங்கிய சில்லு மாட்டுக்கு இலேசு. ஆனால் ஈரமண்ணில் அது பாதையை அறுக்கும். அகன்ற சில்லு பாதையை மிதித்து இறுக்கும். ஆனால் வண்டியின் கனத்தைக் கூட்டி மாட்டின் கழுத்தை வருத்தும். ஆதலின், சில்லின் அகலத்தைத் தீர்மானிப்பவன் பாரத்தின் செலவை யார் தலையில் சுமத்துவது என்பதையும் உடன் தீர்மானித்து விடுகிறான். மலையகத்துப் பாதைகளின் கதையை இந்த நோக்கிலே பார்ப்பது பயனுடையது.

இக்கேள்வியைச் சட்டத்தால் தீர்க்க முயன்ற நாடு இங்கிலாந்து. 9 அங்குல அகலமுள்ள சில்லுகள் பூட்டிய பாரவண்டிகளுக்கு 1753ஆம் ஆண்டுச் சட்டம் சுங்கச் சாவடிகளிலே சலுகை அளித்தது. 1760களில் இன்னும் ஒரு படி மேலே சென்றனர். முன் அச்சையும் பின் அச்சையும் வெவ்வேறு நீளத்தில் அமைத்து, முன்சில்லு மிதியாத இடத்தைப் பின்சில்லு மிதிக்குமாறு செய்த வண்டிகளுக்கு மேலும் சலுகை கிடைத்தது. இரண்டும் சேர்ந்து 16 அங்குல அகலத்தை மிதிக்க வேண்டும் என்பது நிபந்தனை. பாரம் ஏற்றும் வண்டியே உருளையாகிப் பாதையைச் செப்பனிட்டுவிடும் என நம்பினர்.

நடந்தது வேறு. சலுகை பெற்றவர்கள் பாரத்தை மேலும் கூட்டினர். சிலர் விளிம்பு சரிந்த கூம்பு வடிவச் சில்லுகளைச் செய்தனர். அவை உருண்டதோடு அமையாது கல்லைத் தேய்த்து அரைத்தன. அகலத்தைச் சட்டம் அளந்தது. பேராசையை அளக்கச் சட்டத்தில் அங்குலம் இல்லை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மெக்காடம் முதலியோர், உடைத்த சிறுகற்களால் பாதையையே உறுதியாக்கும் முறையைப் பரப்பிய பின்னரே நிலைமை சீர்பட்டது.

இலங்கையில் அந்தக் கல்லை உடைத்த கைகள் யாருடையவை? 1820களில் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் அமைத்த கொழும்பு-கண்டிப் பாதையில் இராசகாரியம் என்னும் கட்டாய உழைப்பும் கலந்திருந்தது. கோப்பித் தோட்டங்கள் பெருகியபின் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர், காட்டை அழித்ததோடு பாதை வெட்டுவதிலும் இருப்புப்பாதை அமைப்பதிலும் உழைத்தனர்.

அப்பாதைகளில் கோப்பி மூட்டை இறங்கியது. அரிசி மூட்டை ஏறியது. இரண்டையும் சுமந்தது இரட்டை மாட்டுக் கரத்தை. அதற்கு முன்சில்லு, பின்சில்லு என்ற பேதமில்லை. இரும்புப் பட்டையிட்ட ஒரு சோடிச் சில்லே முழுப் பாரத்தையும் தாங்கியது. மழைக்காலத்தில் அந்தப் பட்டை பாதையில் பள்ளம் வெட்டும். பள்ளத்தைத் தூர்ப்பதற்கு மீண்டும் கூலியாள் வேண்டும்.

புகையிரதம் 1867இல் கண்டிக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் வந்தது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக இராகலை வரை 1903-04இல் ஒரு சிறு பாதையும் இட்டனர். பெரிய பாதையின் அகலம் 5 அடி 6 அங்குலம். சிறியதன் அகலம் 2 அடி 6 அங்குலம். ஒடுங்கிய பாதை மலையில் வளைந்து செல்ல வசதியானது, செலவும் குறைவு. ஆனால் ஒன்றின் பெட்டி மற்றொன்றில் ஓடாது. ஆகவே நானுஓயாவில் சரக்கை இறக்கி ஏற்ற வேண்டியிருந்தது. அகலம் மாறிய இடத்தில் அந்த வேறுபாட்டை மனிதனின் தோளே ஈடுசெய்தது. 1940களில் அச்சிறு பாதை கைவிடப்பட்டது.

முன்னும் பின்னும் வேறுபட்ட அகலம் என்னும் எண்ணம் செம்மையாகப் பயன்பட்டது பாதை போடும் நீராவி உருளையிலேதான். முன்னுருளை நடுப்பகுதியை இறுக்க, பின்னுருளைகள் இரண்டும் அதன் இருமருங்கையும் இறுக்கின. இங்கிலாந்துச் சட்டம் வணிகனின் வண்டியிடம் எதிர்பார்த்த வேலையை அதற்கெனவே பிறந்த இயந்திரம் செய்தது.

அடுத்து வந்தது லொறி. முன்னே ஒற்றைச் சில்லு; பின்னே இரட்டைச் சில்லு. பாரத்தின் பெரும்பங்கு பின்னச்சில் விழுவதால் இவ்வமைப்பு நியாயமானதே. ஒரு டயர் வெடித்தால் மற்றது தாங்கும். டயர்கள் ஒரே அளவினவாயின், மாற்றுச் சில்லு ஒன்றே முன்னுக்கும் பின்னுக்கும் உதவும். குறைகளும் உண்டு. இரு டயர்களுக்கு இடையே கல் சிக்கும். உள் டயரில் காற்றிறங்கினால் எளிதில் கண்ணுக்குத் தெரியாது; சூடேறிக் கெடும். கூரிய வளைவில் பின்சில்லு முன்சில்லின் தடத்தில் செல்லாது, உட்புறமாக ஒதுங்கிக் கானை நாடும். பாரமில்லாத லொறியில் தடுப்பை அழுத்தினால், பாரத்துக்கென அமைந்த பின்சில்லுகள் எளிதில் இறுகிச் சறுக்கும்.

டிராக்டரில் வேறுபாடு இன்னும் பெரிது. பின்சில்லு அகன்று உயர்ந்து மண்ணைப் பற்றி இழுக்கும். முன்சில்லு ஒடுங்கித் திசை திருப்பும். ஒன்றின் டயர் மற்றதற்கு உதவாது என்பது சிறு குறை. சமவெளி வயலுக்கு இது அருமையான ஏற்பாடு. மலையிலோ, கனத்த இழுவைப் பெட்டியுடன் செங்குத்தான ஏற்றத்தில் செல்லும்போது பாரம் பின்னே சாய, முன்சில்லு நிலத்தில் ஊன்றாமல் இலேசாகும். சாரதி திருப்பினாலும் வண்டி திரும்ப மறுக்கும். இறக்கத்தில், தடுப்பில்லாத பெட்டி டிராக்டரைப் பின்னிருந்து தள்ளும்.

கொழுந்து மூட்டைக்கு இந்த நன்மை தீமைகளைக் கணக்கிட்டு ஒரு முடிவுக்கு வரலாம். மூட்டை புரண்டால் நட்டம் பணத்தோடு போகும். ஆனால் நுவரெலியா, ஹட்டன் பகுதித் தோட்டங்களில் கொழுந்து செல்லும் வாகனத்திலேயே மனிதரும் சென்றனர்; இன்றும் செல்கின்றனர். பிரசவ வேதனையில் துடித்த பெண்களும் லொறியிலே ஆஸ்பத்திரிக்குச் சென்றதுண்டு. மூட்டை போட்ட இடத்தில் கிடக்கும். நின்றுகொண்டு செல்லும் மனிதரோ வளைவுதோறும் ஒருபக்கம் சாய்வர். பாரத்தின் நடுவம் உயரும், இடம் மாறும். பொறியியலாளர் அங்குலம் அங்குலமாகக் கணக்கிட்ட அகலம் அவர்களைக் கருதிக் கணக்கிட்டதன்று.

தோட்டங்கள் 1972இலும் 1975இலும் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் சென்றது. உடைமை கைமாறியது, பெட்டியில் ஏறுபவர் மாறவில்லை.

முன்சில்லும் பின்சில்லும் ஒத்திருத்தல் நலமா, வேறுபட்டிருத்தல் நலமா என்ற கேள்விக்குப் பொதுவிடை கிடையாது. எதை ஏற்றுகிறோம், எந்த நிலத்தில் ஓட்டுகிறோம் என்பவற்றைப் பொறுத்தே விடை அமையும். மலையகத்தில் முதற் கேள்விக்கு நேர்மையான விடை சொல்ல வேண்டிய காலம் எப்போதோ வந்துவிட்டது. ஏறுபவர் மனிதராயின், மனிதருக்கென அமைந்த இருக்கையும் கூரையும் தடுப்பும் உள்ள வாகனமே அங்கு வரவேண்டும். பாதை வெட்டியவரின் பேரப்பிள்ளைகள் அப்பாதையிலே சரக்காக அன்றிப் பயணிகளாகச் செல்லும் உரிமையைக் கேட்பது சலுகை கேட்பதாகுமா?