கடனும் பாவமும்: ஓர் அரமேயச் சொல்லின் வரலாறு

ஆண்டவர் கற்பித்த ஜெபத்தை இரு சுவிசேஷகர்கள் நமக்கு அளித்துள்ளனர். மன்னிப்பு வேண்டும் விண்ணப்பத்தில் மத்தேயு (6:12) ‘கடன்கள்’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லை வைக்கிறார்; லூக்கா (11:4) ‘பாவங்கள்’ என்னும் சொல்லை வைக்கிறார். ஆயினும் லூக்கா அவ்வசனத்தின் மறுபகுதியில் நமக்குக் கடன்பட்டவனைப் பற்றியே பேசுகிறார். இவ்வேறுபாடு எங்ஙனம் எழுந்தது?

அரமேய மொழியில் ‘ஹோபா’ என்னும் ஒரே சொல் கடனையும் பாவத்தையும் குறிக்கும். எபிரெய வேதத்தின் அரமேயப் பெயர்ப்புகளாகிய தர்கூம்களில், பாவம், அக்கிரமம் ஆகியவற்றைக் குறிக்க இச்சொல் பல இடங்களில் வருகிறது. மத்தேயு சொல்லின் நேர்ப்பொருளைக் காத்தார். பாவத்தைக் கடன் என வழங்கிப் பழகாத கிரேக்க வாசகருக்கு லூக்கா அதன் கருத்தை விளக்கினார். எனினும் லூக்கா 13ஆம் அதிகாரத்தில், 2ஆம் வசனம் ‘பாவிகள்’ என்பதை, 4ஆம் வசனம் கிரேக்கத்தில் ‘கடனாளிகள்’ என்கிறது. மூலச்சொல்லின் சாயல் அங்கே எஞ்சி நிற்கிறது.

இக்கடன் வெறும் உருவகமன்று. ஏழாம் ஆண்டில் கடனை விட்டுவிடுமாறு உபாகமம் 15 கட்டளையிட்டது. அதற்கு அஞ்சிச் செல்வர் கடன் கொடுக்கத் தயங்கியதால், நியாயமன்றத்தின் வழியாகக் கடனை மீட்கும் ‘புரோஸ்பூல்’ முறையை ஹில்லேல் ஏற்படுத்தினார் என்று மிஷ்னா கூறுகிறது. முரப்பாத் குகையிலிருந்து கிடைத்து 1961இல் பதிப்பிக்கப்பட்ட அரமேயக் கடன் பத்திரம் ஒன்று, நீரோ மன்னனின் இரண்டாம் ஆண்டைச் (கி.பி. 55–56) சேர்ந்தது. விடுதலை ஆண்டாயினும் திருப்பிச் செலுத்துவதாகக் கடனாளி அதில் உடன்படுகிறான். கி.பி. 66இல் எருசலேமில் கலகக்காரர் ஆவணக் காப்பகத்திற்குத் தீயிட்டுக் கடன் பத்திரங்களை அழிக்க முற்பட்டதை யோசேப்பு எழுதியுள்ளார்.

இத்தகைய மக்களின் செவியில் ‘ஹோபா’ என்னும் சொல் விழுந்தபோது, பாவத்தோடு பத்திரமும் நினைவுக்கு வந்திருக்கும். சகோதரனின் குற்றத்தை எத்தனை முறை மன்னிப்பது என்று பேதுரு வினவியபோது, இயேசு பெருமான் கடன்பட்ட ஊழியக்காரனின் உவமையால் விடையளித்ததும் (மத்தேயு 18:21–35) இதனால் தெளிவாகிறது.

நமது பழைய தமிழ் வேதாகமம் மத்தேயுவில் ‘கடன்’ என்பதையே காத்துள்ளது. ஆராதனையில் ‘குற்றம்’ என்று சொல்லும் வழக்கமும் உண்டு. இரண்டும் பிழையன்று. ஆனால் குற்றத்தை மட்டும் விளக்கிக் கடனை விட்டுவிடும் பிரசங்கம், அச்சொல்லின் ஒரு பாதியையே சபைக்குக் கொடுக்கிறது. வட்டிக்கு வாங்கித் தவிப்போரும், அவர்களுக்குக் கொடுத்தோரும் ஒரே ஆலயத்தில் நின்று இந்த ஜெபத்தைச் சொல்லும்போது, மற்றப் பாதியையும் போதகர் எடுத்துரைத்தல் வேண்டும்.