முதல் தடவை ஒன்றும் ஆகவில்லையே!
(ஒவ்வாமை ஆராய்ச்சி வளர்ந்த வரலாறு)



நமது லயங்களில் அடிக்கடி காதில் விழுகிற பேச்சு ஒன்று உண்டு. பிள்ளையைக் குளவி கொட்டிவிட்டால், "போன வருஷமும் கொட்டிச்சு, ஒண்ணும் ஆகலே. சுண்ணாம்பு தடவு, சரியாப் போயிடும்" என்பார்கள். இறால் தின்ற பிள்ளைக்கு உடம்பெல்லாம் தடித்துப் போனால், "நேத்து வரைக்கும் தின்ன இறால்தானே, இது வெறும் சூடு" என்பார்கள். முதல் தடவை ஒன்றும் ஆகவில்லை என்றால் அடுத்த தடவையும் ஒன்றும் ஆகாது என்பது நமது நம்பிக்கை. இந்த நம்பிக்கை சரிதானா? இதற்கு விடை காண அறிஞர்கள் பல ஆண்டுகள் பாடுபட்டார்கள். அந்த வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம்.

தும்மலில் தொடங்கிய ஆராய்ச்சி

லண்டனில் ஜான் போஸ்டாக் என்று ஒரு டாக்டர் இருந்தார். சிறு வயது முதல் அவருக்குக் கோடை வந்தால் போதும், கண் சிவந்து அரிக்கும், ஓயாமல் தும்மல் வரும், மூச்சு முட்டும். 1819-ஆம் ஆண்டில் அவர் தம் நோயைத் தாமே விவரித்து மருத்துவர் சபையில் கட்டுரை படித்தார். கோடையின் வெப்பமே காரணம் என்று அவர் எண்ணினார்.

உண்மைக் காரணத்தைக் காட்டியவர் மான்செஸ்டர் நகரத்து டாக்டர் சார்ல்ஸ் பிளாக்லி. அவருக்கும் இதே தொல்லைதான். தம் தோலைக் கீறிப் புல்லின் மகரந்தத் தூளைத் தடவிப் பார்த்தார். கீறிய இடம் தடித்து வீங்கியது. காற்றில் எவ்வளவு தூள் பறக்கிறது என்று அறியப் பசை தடவிய கண்ணாடித் துண்டுகளைக் காற்றாடியில் கட்டிப் பறக்கவிட்டார். 1873-இல் தம் முடிவுகளைப் புத்தகமாக வெளியிட்டார். மற்றவர்களுக்கு எந்தக் கெடுதலும் செய்யாத தூள் ஒரு சிலரை மட்டும் ஏன் படுத்துகிறது? அதற்கு அவரிடமும் விடை இல்லை.

நெப்டியூன் என்ற நாய்

1901-இல் மொனாக்கோ நாட்டு இளவரசர் முதலாம் ஆல்பர்ட் தமது கப்பலில் கடல் ஆராய்ச்சிக்குப் புறப்பட்டார். சார்ல்ஸ் ரிஷே, பால் போர்ட்டியே என்னும் இரண்டு பிரெஞ்சு அறிஞர்களும் உடன் சென்றார்கள். சொறிமீனைப் போன்ற ஒரு கடலுயிரின் நஞ்சை ஆராயும்படி இளவரசர் அவர்களைக் கேட்டுக்கொண்டார். பிரான்சுக்குத் திரும்பிய பிறகு, கடற்சாமந்தி என்னும் உயிரின் நஞ்சைக் கொண்டு அவ்வாராய்ச்சியைத் தொடர்ந்தார்கள். எவ்வளவு நஞ்சு ஏறினால் நாய் சாகும் என்று அளப்பதுதான் வேலை. பிழைத்த நாய்களை நன்றாகத் தேறவிட்டு, மறுபடியும் ஊசி போட்டார்கள்.

அவற்றுள் ஒன்றுக்கு நெப்டியூன் என்று பெயர். நல்ல திடகாத்திரமான நாய். முதல் ஊசியில் அதற்கு ஒரு துன்பமும் இல்லை. மூன்று வாரங்களுக்கு மேல் சென்றபின், 1902-இல், அதே அளவு மருந்தை மறுபடியும் ஏற்றினார்கள். சில விநாடிகளில் அதற்கு மூச்சு இறைத்தது. நிற்க முடியாமல் விழுந்தது. இரத்த வாந்தி எடுத்தது. 25 நிமிடங்களில் செத்தே போயிற்று!

அறிஞர்கள் திகைத்துப் போனார்கள். அம்மை குத்தினால் அம்மை வராது. ஒரு தடவை வந்துபோன நோயை உடம்பு நினைவில் வைத்துக்கொண்டு மறு தடவை விரட்டிவிடும். அதுவரை உலகம் கற்ற பாடம் அது. இங்கோ எல்லாம் தலைகீழாக இருந்தது. ஆகவே 'காப்புக்கு எதிரானது' என்னும் பொருளில் 'அனாபிலாக்ஸிஸ்' என்று அவர்கள் இதற்குப் பெயரிட்டார்கள். 1913-இல் ரிஷேவுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

'அலர்ஜி' என்ற சொல் பிறந்தது

அதே காலத்தில் வியன்னா நகரில் கிளெமென்ஸ் ஃபொன் பிர்கே என்னும் குழந்தை மருத்துவர் வேறொன்றைக் கவனித்தார். தொண்டை அடைப்பான் நோய்க்குக் குதிரையின் ரத்தநீரிலிருந்து எடுத்த மருந்தைக் குழந்தைகளுக்கு ஊசி போடுவார்கள். எத்தனையோ பிள்ளைகளை அது சாவிலிருந்து மீட்டது. ஆனால் சில பிள்ளைகளுக்கு ஒரு வாரம், பத்து நாள் கழித்துக் காய்ச்சல், தடிப்பு, மூட்டு வீக்கம் எல்லாம் வந்தன. இரண்டாம் தடவை அதே ஊசி போட்டால் அவை இன்னும் விரைவாக வந்தன.

நோயை விரட்டுகிற சக்தியும் இந்தத் தொல்லையைத் தருகிற சக்தியும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன என்று பிர்கே கூறினார். 1906-இல் 'அலர்ஜி' என்ற சொல்லை உண்டாக்கினார். நாம் ஒவ்வாமை என்கிறோமே, அதுதான்.

தம் வயிற்றையே சோதனைக்குக் கொடுத்தவர்

1921-இல் ஜெர்மனி நாட்டில் இரண்டு டாக்டர்கள் ஒரு துணிகரமான சோதனை செய்தார்கள். ஹைன்ஸ் குஸ்ட்னர் என்பவருக்கு மீன் ஆகாது. கார்ல் பிராஸ்னிட்ஸ் என்பவர் மீன் சாப்பிட்டால் ஒன்றும் செய்யாது. குஸ்ட்னரின் ரத்தநீரில் சிறிது எடுத்துப் பிராஸ்னிட்ஸ் தமது வயிற்றுத் தோலில் ஊசி போட்டுக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றை ஏற்றியதும் அந்த இடம் தடித்து வீங்கிவிட்டது! ஆக, ஒவ்வாமையை உண்டாக்குவது ரத்தத்தில் ஓடுகிற ஏதோ ஒரு பொருள் என்பது உறுதியாயிற்று.

அந்தப் பொருளைப் பிடிக்க இன்னும் 45 ஆண்டுகள் ஆயின. 1966-இல் அமெரிக்காவில் டென்வர் நகரில் பணியாற்றிய ஜப்பானியத் தம்பதியர் கிமிஷிகே இஷிசாகா, தெருகோ இஷிசாகா அதனைக் கண்டறிந்தார்கள். சுவீடன் நாட்டு யோஹான்சன், பென்னிஷ் ஆகியோரும் தனியே ஆராய்ந்து 1967-இல் அதே பொருளை விவரித்தார்கள். 1968-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் வழியாக அதற்கு 'ஐ.ஜி.ஈ.' என்று பெயர் சூட்டப்பட்டது.

இது எப்படி வேலை செய்கிறது? தோட்டத்து ஜாகாவை நினைத்துக்கொள்ளுங்கள். புதிதாக ஓர் ஆள் வருகிறான், நல்லவன்தான். ஜாகா அவனைத் திருடன் என்று தப்பாக முகத்தைக் குறித்து வைத்துக்கொள்கிறார். அன்றைக்குச் சண்டை ஒன்றும் இல்லை. அடுத்த தடவை அவன் தலை தெரிந்ததும் மணியை அடித்துவிடுகிறார். லயமே தடியோடு ஓடிவந்து நம் வீட்டையே உடைத்துப் போடுகிறது! முகத்தைக் குறித்துக்கொள்வது ஐ.ஜி.ஈ. தடி தூக்குவது, அது ஒட்டிக்கொண்டிருக்கும் உயிரணுக்களிலிருந்து கொட்டுகிற 'ஹிஸ்டமின்' முதலிய பொருள்கள். அவைதாம் தோலைத் தடிக்கச் செய்கின்றன, மூச்சுக்குழாயை நெருக்குகின்றன, ரத்த அழுத்தத்தைக் கீழே தள்ளுகின்றன.

நம் பால்மரமும் இந்த வரலாற்றில் உண்டு

1979-இல் இங்கிலாந்தில், ரப்பர் கையுறை போட்ட ஒரு பெண்ணுக்குக் கை தடித்து அரிப்பெடுத்ததை ஒரு டாக்டர் எழுதி வெளியிட்டார். 1980-களில் எய்ட்ஸ் நோய்க்குப் பயந்து உலகமெங்கும் மருத்துவமனைகளில் கையுறை பெருகியது. தினமும் அதை மாட்டிய தாதியருக்கும், சிறு வயதிலேயே பல அறுவைச் சிகிச்சைக்கு ஆளான பிள்ளைகளுக்கும் தொல்லை மிகுந்தது. திரும்பத் திரும்பப் பட்டதுதான் வினை.

பால்மரத்துப் பாலில் உள்ள சில புரதங்களே காரணம் என்று ஆராய்ச்சி காட்டியது. கையுறையை நன்றாக நீரில் அலசிப் புரதத்தைக் குறைத்தார்கள். அமெரிக்காவில் மாவு தடவிய மருத்துவக் கையுறைகளை 2017 முதல் தடை செய்துவிட்டார்கள். அந்த மாவுத் தூளும் புரதத்தைக் காற்றில் பரப்பியதே! ஆனால் பால் எடுக்கும் எல்லாருக்கும் இது வரும் என்று யாரும் அஞ்ச வேண்டாம். ஒரு சிலருக்குத்தான் வரும்.

நாம் செய்ய வேண்டியது என்ன?

இந்த ஆராய்ச்சிகள் மருந்தையும் தந்தன. ஹிஸ்டமினைத் தடுக்கும் மருந்துக்கு 1937-இல் பாரிஸ் நகரில் டானியேல் போவே வழி கண்டார். 1957-இல் நோபல் பரிசும் பெற்றார். அது அரிப்பையும் தடிப்பையும் தணிக்கும். ஆனால் மூச்சு அடைக்கும்போது உயிரைக் காப்பது அட்ரினலின் ஊசிதான். அதற்குத் தாமதம் கூடாது.

ஆகவே பெற்றோர்களே, குளவி கொட்டிய பிறகோ, ஏதேனும் தின்ற பிறகோ, மாத்திரை சாப்பிட்ட பிறகோ, பிள்ளைக்கு உதடும் நாக்கும் வீங்கினால், குரல் மாறினால், மூச்சு இழுத்தால், மயக்கம் வந்தால், சுண்ணாம்பு தேடிக்கொண்டு நிற்காதீர்கள். 999-ஐ அழையுங்கள், உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். தடிப்பு மட்டும் வந்து போனாலும், எதனால் வந்தது என்று எழுதி வைத்து டாக்டரிடமும் வகுப்பாசிரியரிடமும் சொல்லிவிடுங்கள்.

"முதல் தடவை ஒண்ணும் ஆகலியே" என்று யாராவது சொன்னால், மாணவர்களே, நெப்டியூனின் கதையை அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள். அந்த நாய்க்கும் முதல் தடவை ஒன்றும் ஆகவில்லை. நீங்கள் படிக்கிற படிப்பு பரிசு வாங்குவதற்கு மட்டுமல்ல. வீட்டில் ஓர் உயிரைக் காக்கவும் அது உதவ வேண்டும்.

வாழ்க கல்வி! வளர்க நம் பள்ளி!