பொதிகை உச்சிக்கு ஏற ஏன் இத்தனை கட்டுப்பாடு? அகத்தியர் மலையின் கதை

நெல்லைக்காரர்களுக்குப் பொதிகை என்றால் தாமிரபரணி, பக்தர்களுக்கு அகத்தியர், மலையேறிகளுக்கு 1,868 மீட்டர் உயர உச்சி. ஆனா நினைத்த நேரத்தில் கிளம்பிப் போய்விட முடியாது. ஏன்?

எங்கே இருக்கிறது?

தமிழ்நாடு எல்லையை ஒட்டி, கேரளத்தின் நெய்யாறு வனவிலங்கு சரணாலயத்தில் இருக்கிறது உச்சி. கிழக்கே தாமிரபரணி, மேற்கே நெய்யாறு என இரு பக்கமும் ஆறுகள் பிறக்கின்றன. மலையின் தமிழகப் பகுதி களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். சுற்றியுள்ள காடுகளில் 2,000க்கும் மேற்பட்ட தாவர வகைகள். அதில் சுமார் 400 வேறெங்கும் வளராதவை. 2016இல் யுனெஸ்கோ இதை உலக உயிர்க்கோளக் காப்பகப் பட்டியலில் சேர்த்தது.

அகத்தியர் கதை என்ன?

சிவன் திருமணத்துக்கு எல்லோரும் இமயமலையில் கூடியதால் வடக்கு தாழ்ந்து, தெற்கு உயர்ந்ததாம். அதைச் சமன்செய்ய சிவன் அனுப்பிய குறுமுனி தங்கிய இடம் பொதிகை என்பது ஐதீகம். உச்சியில் அவருக்குச் சிலையும் உண்டு.

காணி மக்களின் மலை

இரு மாநிலங்களிலும் வாழும் காணி பழங்குடிகளுக்கு அகத்தியர்தான் காவல் தெய்வம். 1987இல் இங்கு வந்த ஆய்வாளர்கள் களைத்துப்போக, வழிகாட்டிய காணிகள் ஒரு சின்னப் பழத்தைத் தின்றபடி சளைக்காமல் நடந்தார்கள். அதுதான் 'ஆரோக்கியப்பச்சை'. அந்தச் செடியிலிருந்து 'ஜீவனி' மருந்து உருவானது. உரிமத் தொகையில் பாதி காணிகளின் அறக்கட்டளைக்கு என்று முடிவானது. பழங்குடி அறிவுக்குப் பங்கு கொடுத்த முன்னோடி உதாரணமாக இன்றும் இது பேசப்படுகிறது.

பெண்கள் ஏறலாமா?

ஏறலாம். நீண்ட காலம் பெண்களுக்கு அனுமதி இல்லை. 2018இல் கேரள உயர் நீதிமன்றம், பாலின அடிப்படையில் தடுக்கக் கூடாது என்றது. 2019 ஜனவரியில் தன்யா சனல் உச்சியைத் தொட்டார். தங்கள் மரபு மீறப்படுவதாகக் காணி மக்கள் அடிவாரத்தில் எதிர்ப்பு தெரிவித்தனர். ஆனா அவரைத் தடுக்கவில்லை.

எப்படிப் போவது?

தமிழகப் பக்கமிருந்து ஏற அனுமதி இல்லை. திருவனந்தபுரம் மாவட்டம் போனக்காட்டிலிருந்துதான் போகணும். ஜனவரி, பிப்ரவரி வாக்கில் சீசன். கேரள வனத்துறை இணையதளத்தில் முன்பதிவு கட்டாயம். மருத்துவச் சான்றிதழும் வேணும். முதல் நாள் அதிருமலை முகாம்வரை நடை, மறுநாள் உச்சி. கடைசிப் பாறைகளில் கயிறு பிடித்துத்தான் ஏறணும்.

பூஜைப் பொருள், மது, பிளாஸ்டிக் எதற்கும் அனுமதி இல்லை. மேலே போடும் குப்பை தங்கப்போவது தாமிரபரணியும் நெய்யாறும் பிறக்கும் காட்டில்தானே!